மூலம் கண்டறியும் துறை

நிறுவனத்தில் மூலம் கண்டறியும் துறை தொடங்கப்பட்டிருப்பதாக எல்லோருக்கும் மின்னஞ்சல் வந்த காலையில், இரண்டாம் மாடியில் எல்லோரும் அதை இரண்டு தடவை படித்தார்கள். பிறகு யாரோ சிரிப்பை அடக்கப் பார்த்து இருமலில் மாட்டிக்கொண்டார்கள். அரை மணி நேரத்தில் மனிதவளப் பிரிவு இன்னொரு மின்னஞ்சல் அனுப்பியது. மூலம் என்றால் இங்கே தோற்றுவாய் என்று பொருள். இது தொடர்பாக மருத்துவக் காப்பீடு பற்றிக் கேட்டு யாரும் எழுத வேண்டாம் என்று அதில் இருந்தது.

முற்றுப்புள்ளி அக்கா இரண்டு மின்னஞ்சல்களையும் படிக்கவில்லை. அவளுக்கு வேலை இருந்தது.

அந்த நிறுவனம் மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்து கொடுத்தது. வார்டில் மாட்டியிருக்கும் திரையில், எந்தப் படுக்கைக்கு எப்போது மருந்து என்று தெரியும். நேரம் வந்தால் பச்சை, தவறிப்போனால் சிவப்பு. அதில் மருந்து நேரத்தைக் கணக்கிடும் பகுதி முழுவதும் அக்கா எழுதியது. நிரலில் ஒவ்வொரு துண்டுக்கும் மேலே அது என்ன செய்கிறது என்று முழு வாக்கியமாகக் குறிப்பு எழுதுவாள். வாக்கியம் முடிந்தால் புள்ளி வைப்பாள். நிரல் எழுதுகிறவர்களில் புள்ளி வைக்கிற ஆள் அபூர்வம் என்பதால், அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. வயதில் மூத்த மேலாளர்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்.

துறை எதற்காக வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். அதற்கு முந்தைய வருடம்தான் எம்.டி. வேகத் துறை என்று ஒன்றை ஆரம்பித்திருந்தார். எல்லோரும் ஏஐயை வைத்தே நிரல் எழுத வேண்டும், கையால் எழுதுவது காலத்தை வீணாக்குவது என்பது அந்தத் துறையின் கொள்கை. நிரலில் எழுபது சதவீதம் ஏஐ எழுதியது என்று முதலீட்டாளர்களிடம் எம்.டி. சொல்லியும் விட்டார். அதன்பிறகு ஒரு பெரிய மருத்துவமனை வாடிக்கையாளராக வந்தது. ஒப்பந்தத்தில் அவர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள். உங்கள் நிரலில் ஏஐ எழுதியது எவ்வளவு? பத்து சதவீதத்தைத் தாண்டினால் எங்களுக்கு வேண்டாம்.

எந்தக் கேள்வி வந்தாலும் எம்.டி. செய்வதையே இதற்கும் செய்தார். ஒரு துறை தொடங்கினார்.

துறைத் தலைவராக வந்தவர் அதுவரை அலுவலக நாற்காலிகளுக்கும் வாகன நிறுத்தத்துக்கும் பொறுப்பாக இருந்தவர். எண்ணிப் பார்த்து அனுபவம் உள்ளவர் என்பதால் அளவிடும் பணிக்குப் பொருத்தமானவர் என்று மின்னஞ்சலில் இருந்தது. அவர் எங்கிருந்தோ ஒரு கருவியை வாங்கி வந்தார். நிரலைக் கொடுத்தால், அதை எழுதியவரின் மனிதத்தன்மை எத்தனை சதவீதம் என்று அது சொல்லும். காபி இயந்திரத்துக்குப் பக்கத்துச் சுவரில் எல்லோருடைய மனிதத்தன்மையும் பலகையில் ஏறியது.

முதலிடத்தில் ஹெட்போன், தொண்ணூற்றேழு. அக்காவின் பக்கத்து இருக்கைக்காரன் அவன். காதிலிருந்து அதைக் கழற்றி யாரும் பார்த்ததில்லை. கடைசியில் முற்றுப்புள்ளி அக்கா, நான்கு.

அக்கா காபியைக் கையில் வைத்துக்கொண்டு அந்த நான்கையே பார்த்தாள். பிறகு இருக்கைக்கு வந்து ஹெட்போனின் தோளைத் தட்டினாள்.

"எப்படி உனக்குத் தொண்ணூத்தேழு?"

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். ஒரு காதை மட்டும் விடுவித்தான். "அக்கா, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. நான் ஒண்ணும் எழுதறதே இல்ல. எல்லாம் ஏஐதான். கடைசியா ஒரு வரி சேர்த்துக்குவேன். காலையில சாப்பிடாம வந்த, மேனேஜர் மேல கடுப்புல இருக்கிற ஒருத்தன் எழுதின மாதிரி மாத்திக் குடுன்னு. அது அழகா எழுத்துப்பிழை எல்லாம் போட்டுக் குடுத்துடும்."

"அப்ப மீதி மூணு?"

"அது மட்டும் நான் எழுதினது."

மறுநாள் அழைப்பு வந்தது. ஹெட்போன் கிசுகிசுத்தான். "போயிட்டு வாங்க அக்கா. உங்களுக்கு மூலம் இருக்கான்னு பார்க்கறாங்களாம்."

துறைத் தலைவரின் அறையில் ஒரு நீள மேசையும், பலவகை நாற்காலிகளும் இருந்தன. மூலையில் கவனிப்பாளர் என்ற பதவியில் ஒரு பெண் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தாள். வந்தவர்கள் எப்படி உட்காருகிறார்கள் என்பதிலிருந்தே அவள் தட்டச்சு செய்யத் தொடங்கிவிடுவாள்.

"உட்காருங்கம்மா. பயப்படாதீங்க," என்றார் தலைவர். "உங்க மேல குற்றச்சாட்டு எதுவும் கிடையாது. உங்க கோடிங் நல்லா வேலை செய்யுது. அதுதான் எங்க கவலை."

"நல்லா வேலை செஞ்சா என்ன சார் கவலை?"

"நான் நாற்காலிகளோடயே வாழ்ந்தவன். மனுஷன் உட்கார்ந்த நாற்காலின்னா ஏதாவது ஒரு கால் ஆடும். ஆடவே இல்லைன்னா, அதுல யாரும் உட்காரலைன்னு அர்த்தம். உங்க கோடிங்கை எங்க கருவி நாலு பக்கமும் அசைச்சுப் பார்த்துடுச்சு. ஆடவே மாட்டேங்குது."

அக்கா தன் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினாள். "சார், இது நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல எழுதினது. தேதியப் பாருங்க. இதையும் உங்க கருவியில போட்டுப் பாருங்க."

போட்டார்கள். மனிதத்தன்மை பூஜ்யம் என்று வந்தது. தலைவர் வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.

"அப்பவே ஆரம்பிச்சிருக்கீங்க."

"சார், அப்ப ஏஐயே கிடையாது!"

"இந்த வாதம் உங்களுக்குச் சாதகமா இல்லையேம்மா. இல்லாத ஒண்ணையே நீங்க அப்பவே யூஸ் பண்ணியிருக்கீங்கன்னா, விஷயம் நாங்க நினைச்சதைவிட ஆழமாப் போகுது." கவனிப்பாளரைப் பார்த்தார். "ஆழம்னு எழுதிக்கோங்க."

முடிவாகச் சொன்னது இது: அடுத்த அளவீட்டில் நாற்பதைத் தொடாவிட்டால், மருந்து நேரப் பகுதியைத் தொடும் உரிமை அவளிடமிருந்து எடுக்கப்பட்டு, பலகையில் முதலிடத்தில் இருப்பவருக்கு வழங்கப்படும்.

அக்கா வெளியே வந்தபோது எதிர் அறைக் கதவு திறந்தது. வேகத் துறைத் தலைவி நின்றுகொண்டிருந்தாள்.

"நல்லவேளை, இங்கயே இருக்கீங்க. ஒரு நிமிஷம் உள்ள வாங்க. உங்களாலதான் எங்க துறைக்கே தலைகுனிவு. ஏஐ பயன்பாட்டுல நீங்கதான் கடைசி. வெறும் மூணு சதவீதம்."

"மேடம், இப்பத்தான் அந்த ரூம்ல எனக்குத் தொண்ணூத்தாறு சதவீதம் ஏஐன்னு சொன்னாங்க."

"அது அவங்க அளவு. இது எங்க அளவு."

"ரெண்டும் என் கோடிங்தானே?"

"இதைத்தான் நான் சொல்றேன். உங்களுக்கு இன்னும் பழைய யோசனை. கோடிங் ஒண்ணுதான், பார்வை வேற. நீங்க ஏன் ஏஐயை நம்ப மாட்டேங்கறீங்க? நானே எல்லாத்தையும் அதுகிட்டதான் கேக்கறேன். உங்களை எப்படித் திட்டணும்னுகூட அதுகிட்டதான் கேட்டேன். கனிவா ஆரம்பிக்கச் சொல்லுச்சு."

மாதக் கடைசியில் எம்.டி.யின் மேசைக்கு இரண்டு அறிக்கைகள் போயின. ஒன்றில் ஏஐ எழுதியது எழுபது சதவீதம். இன்னொன்றில் எட்டு. இரண்டும் ஒரே நிரலை அளந்தவை. எம்.டி. இரண்டையும் படித்துவிட்டு, இரண்டு துறைகளுமே தங்கள் இலக்கை எட்டிவிட்டதாகப் பாராட்டினார்.

வீட்டில் அக்காவின் கணவன் உயர்நிலைப் பள்ளியில் மொழி ஆசிரியர். சாப்பிடும்போது அவள் நடந்ததைச் சொன்னாள்.

"ஆபீஸ்ல எதுக்கு மூலம் எல்லாம் பார்க்கறாங்க? டாக்டர்கிட்ட போக வேண்டியதுதானே?"

"நான் எழுதினதை நான் எழுதலைங்கறாங்க. அதைக் கேளுங்க முதல்ல."

அவர் கொஞ்சம் தயங்கினார். "அவங்களையும் தப்பு சொல்ல முடியாது. எங்க ஸ்கூல்லயும் இதே தொல்லைதான். ஒரு பொண்ணு கட்டுரை எழுதியிருந்தா. அவங்க அப்பா லாரி ஓட்டறதப் பத்தி. அப்படி ஒரு எழுத்து. பார்த்ததுமே தெரிஞ்சு போச்சு, இது ஏஐன்னு. முட்டை போட்டுட்டேன்."

"கூப்பிட்டுக் கேட்டீங்களா?"

"கேட்டேன். நானே எழுதினதுன்னா. எல்லாரும் அப்படித்தானே சொல்வாங்க."

அக்கா தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து போனாள். அவள் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து அவர் பார்த்ததில்லை.

இரண்டு நாள் வீட்டில் பேச்சு இல்லை. மூன்றாம் நாள் மாலை அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே சொன்னார். "அந்தப் பொண்ணக் கூப்பிட்டு, அப்பாவோட லாரியப் பத்தி சொல்லும்மான்னேன். இடைவேளை முழுக்கச் சொன்னா. எழுதினதைவிட நல்லா சொன்னா. மார்க்கைத் திருத்திட்டேன்."

"மன்னிப்புக் கேட்டீங்களா?"

"ம்."

"சரி, கை கழுவிட்டு வாங்க," என்றாள்.

அலுவலகத்தில் யாரும் அக்காவை லாரியைப் பற்றிக் கேட்கவில்லை. அவர்கள் அவளைக் கண்ணாடி அறையில் உட்காரவைத்து நேரில் எழுதச் சொன்னார்கள். கவனிப்பாளர் எதிரே உட்கார்ந்தாள். நள்ளிரவைத் தாண்டும் மருந்து நேரத்தை எப்படிக் கணக்கிடுவது என்று எழுத வேண்டும். அக்காவின் வழக்கம், முதலில் கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் யோசித்து முடிப்பது. முடித்தாள். கண்ணைத் திறந்து ஒரே மூச்சில் தட்டச்சு செய்தாள். முதல் தடவையே சரியாக ஓடியது.

கவனிப்பாளரின் அறிக்கை மறுநாள் எல்லோர் முன்னிலையிலும் வாசிக்கப்பட்டது. "பெருமூச்சு இல்லை. தலையைச் சொறியவில்லை. யாரையும் திட்டவில்லை. போனை எடுத்துப் பார்க்கவில்லை. நீண்ட நேரம் எந்த அசைவும் இல்லை, பிறகு மொத்தமாக வந்தது. தரவிறக்கம் முடிவதைப் பார்ப்பதுபோல் இருந்தது."

இத்தனைக்கும் பிறகு துறை அவளைக் கைவிட்டுவிடவில்லை. பலகையில் கீழே இருந்தவர்களுக்காக 'மனிதராக எழுதுவது எப்படி?' என்ற ஒருநாள் பயிற்சி நடத்தியது. வெளியிலிருந்து வந்த பயிற்சியாளர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு மேடையில் இங்கும் அங்கும் நடந்தார்.

"கோடிங்ல வெச்ச ஒரு பேரைப் பார்த்த உடனே புரிஞ்சுடுதுன்னா, அதுல உழைப்பு எங்க இருக்கு? படிக்கிறவன் திணறணும். இத எழுதினவன் எந்த மனநிலையில இருந்தான்னு யோசிக்கணும். குறிப்பு எழுதாதீங்க. எழுதினாலும் பாதியில விடுங்க. நான் இதுவரைக்கும் எந்த வேலையையும் முழுசா முடிச்சதில்ல. அதனாலதான் இன்னைக்கு உங்க முன்னாடி நிக்கறேன்."

பலத்த கைதட்டல்.

அன்று சாயங்காலம் அக்கா நெடுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பதைத் தொடாவிட்டால் மருந்து நேரம் ஹெட்போனிடம் போய்விடும். பையன் நல்லவன்தான், ஆனால் அதை அவன் திறந்துகூடப் பார்த்ததில்லை. வேறு வழி தெரியவில்லை. குறிப்புகளை ஒவ்வொன்றாக அழித்தாள். 'கடைசியாகக் கொடுத்த நேரம்' என்று இருந்த பெயரை டி1 ஆக்கினாள். 'அடுத்துக் கொடுக்க வேண்டிய நேரம்' டி2 ஆனது. தன் வீட்டுச் சமையலறையில் டப்பாக்களின் மேல் ஒட்டியிருந்த பெயர்களை எல்லாம் தானே கிழித்துப் போட்டதுபோல இருந்தது.

மனிதத்தன்மை எண்பத்தெட்டுக்கு ஏறியது. தலைவர் நேரில் வந்து கைகொடுத்தார். "உங்களுக்குள்ள ஒரு மனுஷி இருக்கான்னு எனக்கு ஆரம்பத்துலேர்ந்தே தெரியும்மா."

சில வாரங்கள் நன்றாகவே போயின. அக்கா விடுப்பில் இருந்த ஒரு நாள், அந்தப் பகுதியில் சின்ன மாற்றம் ஒன்று தேவைப்பட்டது. மேலாளர் ஹெட்போனைச் செய்யச் சொன்னார். ஹெட்போன் ஏஐயைச் செய்யச் சொன்னான். டி1 எது, டி2 எது என்று ஏஐக்கும் தெரியவில்லை. அது மாற்றிப் போட்டது. முன்பெல்லாம் நிரலை அனுப்புவதற்கு முன் இன்னொருவர் படித்துப் பார்ப்பது வழக்கம். அந்த நேரம் இப்போது மனிதத்தன்மை அளப்பதற்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அளந்தார்கள். தொண்ணூற்றொன்பது. அனுப்பினார்கள்.

மறுநாள் காலை அக்கா இருக்கையில் உட்காரும்போதே தொலைபேசி அடித்தது. வார்டிலிருந்து ஒரு செவிலியர்.

"மேடம், ஆறாம் பெட் அம்மாவுக்கு இப்பத்தான் என் கையால இன்சுலின் போட்டேன். போட்ட உடனே உங்க ஸ்க்ரீன் மறுபடி பச்சை காட்டுது. போடுங்குது. நான் போட்டேனா இல்லையான்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. என்ன பண்ணட்டும்?"

அக்கா எழுந்துவிட்டாள். "போடாதீங்க. யாருக்குமே ஸ்க்ரீனைப் பார்த்துப் போடாதீங்க. அதை இப்பவே அணைச்சிடுங்க, எல்லா வார்டுலயும். நோயாளி பக்கத்துல இருக்கிற பேப்பரைப் பார்த்துப் போடுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

ஹெட்போன் எழுந்து அவள் பின்னால் வந்து நின்றான். இரண்டு காதும் வெறுமையாக இருந்தன. அவன் முகத்தைப் பார்த்ததுமே அக்காவுக்குப் புரிந்துவிட்டது. திட்டவில்லை. "அந்தப் பக்கம் உட்காரு. பழையதைத் தேடி எடு," என்றாள். இருவருமாகச் சேர்ந்து சரிசெய்தார்கள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. வேலை முடிந்ததும் அக்கா கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். மாற்றிப் போட்டது ஏஐயோ மனுஷனோ, அந்தப் பெயர்களைக் கிழித்தது அவள் கைதான்.

விசாரணையை மூலம் கண்டறியும் துறையே நடத்தியது. ஹெட்போன் எழுந்து நின்றான். "தப்பு என்னுது சார். நான் படிக்காம அனுப்பிட்டேன்."

"அது கிடக்கட்டும் தம்பி," என்றார் தலைவர். "யார் தப்புங்கறது இங்க விஷயமே இல்ல. எது தப்புங்கறதுதான் விஷயம். இது ஏஐ பண்ற வகைத் தப்பா, மனுஷன் பண்ற வகைத் தப்பா?"

"ஏஐதான் சார் மாத்திப் போட்டுச்சு."

"ஆனா ஏஐயைக் குழப்பினது அக்கா வெச்ச பேரு. அப்ப இதோட மூலம் மனுஷத் தப்பு!" தலைவரின் முகம் மலர்ந்தது. "சுத்தமான, கலப்படம் இல்லாத, கையால செஞ்ச தப்பு! இதவிட ஆஸ்பத்திரிக்கு நாம என்ன ஆதாரம் காட்ட முடியும்?"

தவறு அதிகாரபூர்வமாகச் சான்றளிக்கப்பட்டு மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டது. அக்காவுக்கு 'இந்த ஆண்டின் மனிதர்' விருது அறிவிக்கப்பட்டது.

அந்த அறிவிப்பைப் படித்துவிட்டு அக்கா மருந்து நேரப் பகுதியைத் திறந்தாள். எல்லாப் பெயர்களையும் திரும்ப வைத்தாள். எல்லாக் குறிப்புகளையும் எழுதினாள். ஒவ்வொன்றுக்கும் கடைசியில் புள்ளி வைத்தாள்.

மாலைக்குள் எம்.டி.யின் அறையில் இரண்டு துறைத் தலைவர்களும் கூடி, அக்காவையும் வரவழைத்திருந்தார்கள். மூலத் தலைவருக்கு மூச்சு வாங்கியது.

"என்னம்மா இது? கேடயத்துல பேரு பொறிச்சாச்சு. நீங்க என்னடான்னா ரெண்டு சதவீதத்துக்கு இறங்கிட்டீங்க! எழுதினது நீங்களா, ஏஐயா? இப்பவாவது உண்மையச் சொல்லுங்க."

அக்கா மூன்று முகங்களையும் பார்த்தாள். அவளுக்குத் திடீரென்று அலுப்பாக இருந்தது.

"சரி சார். ஒத்துக்கறேன். நான் மெஷின்தான். வேலையப் பார்க்க விடுங்க."

மூலத் தலைவருக்கு இதுவரை வாக்குமூலம் கிடைத்ததே இல்லை. விதிமுறைகளைப் புரட்டினார். ஏஐ எழுதியதைத் தான் எழுதியதாகச் சொல்லும் மனிதருக்குப் பணிநீக்கம் என்று இருந்தது. தான் மெஷின் என்று சொல்லும் மெஷினுக்கு என்ன செய்வது என்று எதுவும் இல்லை.

"உண்மையச் சொல்லியிருக்கு," என்றார் ஈனசுரத்தில். "தண்டிக்க வழி இல்ல."

வேகத் துறைத் தலைவி அதற்குள் கணக்குப் போட்டு முடித்திருந்தாள். "சார், இவங்களை மெஷின் பக்கம் சேர்த்துட்டா நம்ம எழுபது எண்பதாயிடுது."

"ஆஸ்பத்திரிக்கு எட்டுன்னு சொல்லியிருக்கோமே?" என்றார் எம்.டி.

"அவங்க வந்தா நேர்ல காட்டலாம் சார். பார்த்தா மனுஷி மாதிரியேதான் இருக்காங்க."

எம்.டி. நாற்காலியில் சாய்ந்தார். "இன்வெஸ்டர் வந்தா ஸ்லைடுல. ஆஸ்பத்திரி வந்தா நேர்ல. அருமை. ரெண்டு பேருக்கும் வாழ்த்துகள்."

மறுநாளிலிருந்து அக்கா ஊழியர் பட்டியலில் இல்லை. கருவிகள் பட்டியலில் இருந்தாள். சம்பளம் உரிமக் கட்டணம் என்ற பெயரில், முன்னைவிட ஒழுங்கான தேதியில் வந்தது. கூட்டங்களுக்கு யாரும் அழைக்கவில்லை. பெருமூச்சை யாரும் எண்ணவில்லை. பயிற்சி வகுப்பு இல்லை, பலகையில் பெயர் இல்லை. வேகத் துறை எல்லோருக்கும் உத்தரவு போட்டது: மருந்து சம்பந்தப்பட்ட எதுவானாலும் அந்த மெஷினிடம் கேட்காமல் வெளியே போகக் கூடாது. பல வருடங்களாக அக்கா மேலாளரிடம் கெஞ்சிக் கேட்டுக் கிடைக்காத விதி அது. நிரல் மெதுவாக மறுபடி படிக்கும்படி ஆயிற்று.

ஒரே ஒரு சிக்கல் வந்தது. பள்ளி விடுமுறையில் கணவனோடு ஒரு வாரம் எங்காவது போய்வர வேண்டும் என்று அவள் நினைத்தாள். விடுப்புக்கு விண்ணப்பிக்கப் போனால், அவள் பெயரே கணினியில் வரவில்லை. மனிதவளப் பிரிவுக்குப் போனாள்.

"கருவிக்கு லீவு கிடையாதுங்களே," என்றார் அங்கே இருந்தவர், உண்மையான அனுதாபத்தோடு. ஹெட்போனின் விடுப்பு விண்ணப்பம் மூன்று கையெழுத்துகளுக்காக அவர் மேசையிலேயே மாதக் கணக்கில் கிடந்தது.

அக்கா கொஞ்சம் யோசித்தாள். பிறகு வேகத் துறைத் தலைவிக்கு இரண்டு வரி மின்னஞ்சல் எழுதினாள். மருந்து நேரம் எழுதும் இயந்திரத்துக்குப் பராமரிப்பு தேவைப்படுகிறது. ஒரு வாரம் நிறுத்திவைக்கலாமா?

அவள் இருக்கைக்குத் திரும்பி வருவதற்குள் அனுமதி வந்துவிட்டது. அதன் பின்னாலேயே, எம்.டி.யின் கையெழுத்தோடு எல்லோருக்கும் ஓர் அறிவிப்பு வந்தது. அக்கா அதை நின்றபடியே படித்தாள்.

"நமது நிறுவனத்தின் மிகச் சிறந்த இயந்திரம் அடுத்த வாரம் ஓய்வில் இருக்கும். அது மிக நீண்ட காலமாக நிற்காமல் உழைத்துவருகிறது. அதன் மதிப்பை உணர்ந்து, எந்தக் காரணத்தைக் கொண்டும் அதை யாரும் தொந்தரவு செய்ய வேண்டாம்."

ஹெட்போன் எட்டிப் பார்த்தான். "என்னக்கா, லீவு கிடைச்சிடுச்சா?"

"இல்லடா. பராமரிப்பு," என்றாள் அக்கா. மனுஷியாக இருந்த இத்தனை வருடத்தில் அவளைப் பற்றி யாரும் அப்படி எழுதியதில்லை. இன்னொரு தடவை படித்துவிட்டு, கணினியை அணைத்து, பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.